பெம்பர்டன் ஆலை ஏன் சரிந்தது? லாரன்ஸ் நகரம், 1860: ஒரு நிகழ்வு ஆய்வு

1860 ஜனவரி 10, செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மெரிமாக் ஆற்றங்கரையில் உள்ள லாரன்ஸ் நகரம். மாலை ஐந்து அடிக்கச் சில நிமிடங்களே இருந்தபோது பெம்பர்டன் பருத்தி ஆலையின் ஐந்து மாடிக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் மொத்தமாக விழுந்தது. புயல் இல்லை, நில நடுக்கம் இல்லை, கொதிகலன் எதுவும் வெடிக்கவில்லை. இயந்திரங்கள் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தன. 600-க்கும் மேற்பட்டோர் உள்ளே சிக்கினார்கள். பெண்களும் சிறுவர்களும் அதில் ஏராளம். இறந்தோர் தொகை கணக்கெடுத்தவர்களைப் பொறுத்து 88-லிருந்து 145 வரை மாறுகிறது. அந்த இடைவெளிக்குக் காரணம் இரவில் பற்றிய தீ. அதைப் பின்னால் பார்ப்போம்.

இந்த விபத்தைப் பற்றிப் பேசும்போது வழக்கமாகச் சொல்லப்படுவது, "பேராசைக்கார முதலாளிகள் அளவுக்கு மீறி இயந்திரங்களை ஏற்றினார்கள், கட்டடம் தாங்கவில்லை" என்பது. அது பொய்யல்ல. ஆனால் பாரத்தின் மேல் பழியைப் போட்டு முடித்துவிட்டால், முதல் நாளிலிருந்தே கட்டடத்துக்குள் இருந்த குறை கண்ணில் படாமலே போய்விடும். அந்தக் குறை தூண்களில் இருந்தது. ஒரு துளைபோடும் கருவியும் கொஞ்ச நேரமும் இருந்திருந்தால் கண்டுபிடித்திருக்கலாம்.

நகரமும் ஆலையும்

லாரன்ஸ் தானாக வளர்ந்த ஊர் அல்ல. பங்கு முதலீட்டில் திட்டமிட்டுக் கட்டப்பட்ட ஊர். பாஸ்டன் வணிகர்கள் 1845-இல் எசெக்ஸ் கம்பெனியைத் தொடங்கி, ஆற்றின் குறுக்கே கல்லணை எழுப்பி (1848-இல் முடிந்தது), கால்வாய் வெட்டி, நீர்விசையையும் மனையையும் ஆலைகளுக்கு விற்றார்கள். 1860-இல் மக்கள்தொகை 17,000-ஐத் தாண்டிவிட்டது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அங்கே வயல்களும் சில பண்ணை வீடுகளும்தான்.

1820-களில் பக்கத்து லோவெல் நகரில் ஆலைகள் எழுந்தபோது, அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்துப் பகுதி விவசாயக் குடும்பங்களின் மகள்கள் வேலைக்கு வந்தார்கள். கம்பெனி விடுதி, மேற்பார்வையாளர் அம்மா, ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் என்று ஒரு ஒழுங்கு இருந்தது. பிடிக்காவிட்டால் ஊருக்குத் திரும்பிப் போக அப்பாவின் பண்ணையும் இருந்தது. லாரன்ஸ் எழுந்ததோ அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சக் காலத்தில். அணைக்குக் கல் சுமந்தவர்களும் பிறகு ஆலைக்குள் போனவர்களில் பெரும்பகுதியினரும் பஞ்சத்துக்குத் தப்பி வந்த அயர்லாந்துக்காரர்கள். அவர்களுக்குத் திரும்பிப் போக இடமில்லை. கூலியும் வேலைநேரமும் பேரம் பேசப்படும்போது இது யாருக்குச் சாதகமாக இருந்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

பெம்பர்டன் ஆலை 1853-இல் கட்டப்பட்டது. முதலீடு ஜான் லோவெல், பிக்கரிங் புட்னம் இருவருடையது. பொறியாளர் சார்லஸ் பிகிலோ. இராணுவப் பொறியாளராக இருந்தவர், அந்தக் கல்லணை வேலையிலும் முக்கியப் பங்கு அவருடையது. கற்றுக்குட்டி அல்ல, ஊரிலேயே பெயர்பெற்ற பொறியாளர்.

கட்டடம் 280 அடி நீளம், 84 அடி அகலம். லோவெல் நகரின் ஆரம்பகால ஆலைகள் சுமார் 45 அடி அகலம்தான். அகலத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கினால் ஒரே தளத்தில் இயந்திர வரிசைகளை அதிகம் நிறுத்தலாம்; ஒரு தளமே 23,500 சதுர அடி. ஆனால் அகலம் கூடக் கூட, தளத்தின் பாரத்தில் வெளிச்சுவர் ஏற்கும் பங்கு குறையும், உள்தூண்கள் ஏற்கும் பங்கு ஏறும். நடுப்பகுதிக்கு வெளிச்சம் வேண்டுமென்று சன்னல்களையும் பெரிதாக்கினால் செங்கல் சுவரின் பலமும் குறையும். ஆக, பெம்பர்டனின் உயிர் வார்ப்பிரும்புத் தூண்களில் இருந்தது.

கட்டும்போதே ஒரு எச்சரிக்கை மணி அடித்திருக்கிறது. இயந்திரங்களை ஏற்றுவதற்கு முன்பே சுவர்கள் வெளிப்புறம் தள்ளத் தொடங்கியதால் 22 டன் இரும்புத் தகடுகளைப் போட்டு இழுத்துப் பிடித்தார்கள் என்று விபத்துக்குப் பின் செய்தித்தாள்கள் எழுதின. பிழை கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் ஒட்டுப்போட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில்?

தூண் எப்படி வார்க்கப்பட்டது

உள்ளே பொள்ளலான தூணை வார்க்க இரண்டு அச்சுகள் வேண்டும். வெளிவடிவத்துக்கு மணல் மோல்டு, உள்பொள்ளலுக்குக் கோர். மோல்டுப் பெட்டி மேல்பாதி, கீழ்பாதி என இரண்டாகப் பிரியும். தூணின் வடிவில் செய்த மர பேட்டர்னை வைத்து மணலை இடித்து, பேட்டர்னை எடுத்துவிட்டால் தூணின் வெளிவடிவம் குழியாக நிற்கும். கோர் என்பது ஓர் இரும்புத் தண்டில் வைக்கோல் புரியைச் சுற்றி, அதன்மேல் களிமண்ணும் மணலும் கலந்து பூசி, சூளையில் உலர்த்திய நீண்ட உருளை. இதைக் குழியின் நடுவே கிடத்தி, இரு முனைகளையும் மோல்டில் விட்ட இருக்கைகளில் உட்காரவைத்து, மேல்பாதியை மூடி, இரும்பை ஊற்றுவார்கள்.

சிக்கல் இங்கே. தூணைப் படுக்கைவசமாக வார்த்தால் கோர் இரும்புக் குழம்பில் மிதக்கப் பார்க்கும். 10 அடி நீளம், 5 அங்குல விட்டமுள்ள கோரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கொள்ளளவு 1.36 கன அடி. அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருக்க வேண்டிய இரும்புக் குழம்பின் எடை 580 பவுண்டுக்கு மேல். கோரின் எடையோ 140 பவுண்டுக்குள். மிச்சமுள்ள 450 பவுண்டு, அதாவது 200 கிலோ, கோரை மேலே தள்ளும் விசை. உள்ளிருக்கும் இரும்புத் தண்டு கனமானதாக இருந்தால் இது கொஞ்சம் குறையும், நின்றுவிடாது.

இதைத் தடுக்கச் சாப்லெட் எனும் சிறு இரும்புத் தாங்கிகளை கோருக்கும் மோல்டுக்கும் இடையில் வைக்க வேண்டும். அவை போதாமல் போனாலும், உருகிப்போனாலும், மணல் சரியாக இடிபடாமல் சாப்லெட் மணலுக்குள் புதைந்தாலும் கோர் மேலே வளையும். முனைகள் இருக்கையில் பிடிபட்டிருப்பதால் அங்கே நகராது. நடுப்பகுதிதான் வில்லாக வளையும். ஆகவே தூணின் சுவர் மெலிவது அதன் நடு உயரத்தில். பாரம் தாங்காமல் தூண் வளைந்து முறிவதும் அதே நடு உயரத்தில்தான்.

முனையில் எட்டிப் பார்ப்பவருக்குச் சுவர் சுற்றிலும் ஒரே தடிப்பாகத் தெரியும். எடை போட்டாலும் சரியாகவே இருக்கும், ஏனென்றால் ஒரு பக்கம் குறைந்த இரும்பு மறுபக்கம் சேர்ந்திருக்கிறது. டன் கணக்கில் பில் போடும் வார்ப்பாலைக்கும் நட்டமில்லை, வாங்குபவருக்கும் சந்தேகமில்லை.

இதோடு தீரவில்லை. மெலிந்த பக்கம் மோல்டில் மேல்பக்கம் இருந்தது. குழம்பில் மிதக்கும் கசடும் காற்றுக் குமிழும் மேலேதான் போய்ச் சேரும். மெலிந்த இரும்பு சீக்கிரம் குளிரும், சீக்கிரம் குளிர்ந்த வார்ப்பிரும்பு வெள்ளை இரும்பாகிக் கண்ணாடி போல் நொறுங்கும். ஆக மிக மெல்லிய பக்கமே மிகவும் அழுக்கான பக்கமும், எளிதில் உடையும் பக்கமும் ஆகிறது.

பெம்பர்டன் இடிபாட்டிலிருந்து எடுத்த சில தூண்களில் ஒரு பக்கச் சுவர் 1/8 அங்குலம்தான் இருந்தது.

1/8 அங்குலம் என்ன செய்யும்: ஒரு கணக்கு

கீழே வருவது பெம்பர்டன் தூணின் அளவு அல்ல. நிலைமை புரிவதற்கான ஒரு மாதிரி. வெளிவிட்டம் 6 அங்குலம், சுவர் அரை அங்குலம், உள்விட்டம் 5 அங்குலம். கோர் 3/8 அங்குலம் நகர்ந்துவிட்டது என்று வையுங்கள். மெலிந்த பக்கம் 1/8, தடித்த பக்கம் 7/8.

குறுக்குவெட்டுப் பரப்பு இரண்டு நிலையிலும் 8.64 சதுர அங்குலம், மாற்றமே இல்லை. பரப்பை மட்டும் பார்த்துக் கணக்குப் போடும் பொறியாளருக்கு இந்தத் தூண் பாஸ். ஆனால் இரும்பின் ஈர்ப்பு மையம் தடித்த பக்கமாக 0.85 அங்குலம் நகர்ந்துவிட்டது. மேல்தூணின் பாரம் வந்து இறங்குவது பழைய நடுப்புள்ளியில். பாரம் ஓரிடம், தாங்கும் இரும்பின் மையம் வேறிடம் என்றானதால், நேராக அமுங்க வேண்டிய தூண் வளையவும் தொடங்குகிறது. கூட்டிப் பார்த்தால் மெலிந்த பக்கத்தின் அழுத்தத் தகைவு (ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் விழும் அமுக்கம்), நல்ல தூணில் இருந்திருக்க வேண்டியதைப்போல் 2.2 மடங்கு. தடித்த பக்கத்தில் மூன்றில் ஒரு பங்குதான். வளைவை எதிர்க்கும் திறனும் கால்வாசிக்கு மேல் குறைந்துவிடுகிறது.

இதெல்லாம் பாரம் சரியாக நடுவில் இறங்கினால். ஒரு பக்க விட்டத்தில் மட்டும் கனமான இயந்திரம் நின்றால் பாரமும் சாயும். நூற்றுக்கணக்கான தறிகள் ஒருசேர அடிக்கும்போது மாடிகள் பக்கவாட்டில் ஆடுவதும் உண்டு. வார்ப்பிரும்பு அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசையை அதில் சிறு பங்குதான் தாங்கும். சாய்ந்த பாரத்தில் ஒரு பக்கம் இழுபடத் தொடங்கினால், அந்தப் பக்கத்தில் காற்றுக் குமிழ் இருந்தால், விரிசல் முன்னறிவிப்பு இல்லாமல் ஓடும். எஃகு வளைந்து எச்சரிக்கும்; வார்ப்பிரும்பு நிற்கும், நிற்கும், பிறகு இருக்காது. ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிய ஆலை ஒரே நிமிடத்தில் விழுந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பாரம் கூடியது

1857-இல் அமெரிக்காவில் நிதி நெருக்கடி. பாங்குகள் கதவடைத்தன, துணி விற்கவில்லை. லோவெல்லும் புட்னமும் ஆலையைப் பெரும் நட்டத்துக்கு ஜார்ஜ் ஹோவ், டேவிட் நெவின்ஸ் இருவருக்கும் விற்றார்கள். புதியவர்கள் இயந்திரங்களைக் கூட்டினார்கள். சுமார் 700 தறிகள் ஓடின, ஆண்டு வருமானம் 15 லட்சம் டாலரை எட்டியது.

புதிய முதலாளிகளுக்குத் தூணின் சரித்திரம் தெரிந்திருக்க வழியில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு தளம் சதுர அடிக்கு எவ்வளவு தாங்கும் என்ற பலகை அந்தக் காலத்தில் எந்த ஆலையிலும் தொங்கவில்லை. அதைக் கேட்கும் அதிகாரியும் இல்லை. கட்டியவர் ஒருவர், வார்த்தவர் ஒருவர், விற்றவர் ஒருவர், பாரம் ஏற்றியவர் ஒருவர். தூணின் தடிப்பைத் தெரிந்துகொள்ள வேண்டியவர் யார் என்பது எந்த ஒப்பந்தத்தின் கேள்வியாகவும் இல்லாமல் போனது.

சரிவும் தீயும்

பல மாடி ஆலையில் மேல்தூண் கீழ்தூணின் தலையில் உட்காரும். ஒன்று உடைந்தால் அதன் மேல் நிற்கும் தூண்கள் எல்லாவற்றுக்கும் கால் இல்லை. விட்டங்கள் தொங்கி, பக்கத்துத் தூணை உட்புறமாக இழுக்கும். அந்தத் தூணும் அதே வார்ப்பாலையின் அதே சரக்கு. மேல்தளம் இயந்திரங்களோடு கீழ்தளத்தில் விழ, அது அடுத்ததில் விழும். விட்டங்களின் முனைகள் பதிந்திருந்த செங்கல் சுவர்கள் உள்நோக்கிப் பிடுங்கப்படும். பெம்பர்டனில் நடந்தது இந்த வரிசையே.

எல்லோரும் உடனே சாகவில்லை என்பதுதான் அன்றைய கொடுமை. கவிழ்ந்த இயந்திரச் சட்டங்கள் அங்கங்கே கூரைபோல் நின்று சிறு பொந்துகளை உண்டாக்கின. உள்ளிருந்து குரல் கேட்டது. பக்கத்து ஆலைகளின் தொழிலாளர்கள் ஓடிவந்தார்கள். கடுங்குளிரில் தீமூட்டி அந்த வெளிச்சத்தில் விட்டங்களை அறுத்து ஆட்களை எடுத்தார்கள். காயம்பட்டவர்களும் பிணங்களும் நகரமன்றக் கட்டடத்துக்குப் போனார்கள்.

இரவு ஒன்பதரை மணி வாக்கில் இடிபாட்டுக்குள் ஓர் எண்ணெய் விளக்கு உடைந்தது. அங்கே கிடந்தது என்னவென்று எண்ணிப் பாருங்கள்: பஞ்சு, கழிவுநூல், ஆண்டுக்கணக்கில் இயந்திர எண்ணெய் ஊறிய மரத்தளம், நடுவே காற்றோட்டமான பொந்துகள். அடுக்கி வைத்த சிதை. நீர் பீய்ச்சியும் தீ அடங்கவில்லை. மீட்பவர்களோடு பேசிக்கொண்டிருந்தவர்களே வெந்து போனார்கள். இறந்தோர் எண்ணிக்கை இன்றுவரை திட்டமாகத் தெரியாததற்கு இதுவே காரணம். பல உடல்களுக்குப் பெயர் சொல்ல முடியவில்லை.

இயந்திரச் சாலை இடிபாட்டில் திறந்த சுடர் கூடாது என்பது இன்று எந்தத் தீயணைப்பு வீரருக்கும் பாலபாடம். அன்று இருட்டில் வேறு வெளிச்சம் கிடையாது. செய்திருக்கக்கூடியது, விளக்குகளை வெளியே உயரத்தில் நிறுத்தி, உள்ளே கொண்டுபோகாமல் தடுப்பது. ஆட்களை எடுக்கும்போதே பஞ்சை நனைத்துக்கொண்டிருப்பது. அந்தப் பதற்றத்தில் கட்டளையிட ஒரு தனி ஆள் வேண்டும்.

விசாரணையும் சட்டமும்

மரண விசாரணை நடுவர் குழு வாரக்கணக்கில் உட்கார்ந்து சாட்சி கேட்டது. உடைந்த தூண்களை அளந்து பார்த்து, முதன்மைக் காரணம் அவைதான் என்றது. தூண்களைச் சோதிக்காமல் ஏற்றுக்கொண்டதற்காகப் பழி பிகிலோவின் மேல் விழுந்தது. குற்ற வழக்கு யார்மீதும் நடக்கவில்லை.

சோதனை என்றால் பெரிய வித்தை இல்லை. தூணின் நடு உயரத்தில் சுற்றிலும் மூன்று இடத்தில் சிறு துளை போட்டு, நுனி வளைந்த கம்பியை விட்டுத் தடிப்பை அளக்கலாம். துளை போட மனமில்லையா? இரண்டு சமமட்டத் தண்டவாளங்களில் தூணைப் படுக்கவைத்து மெல்ல உருட்டலாம். கோர் நகர்ந்த தூண் ஒவ்வொரு முறையும் தடித்த பக்கம் கீழே வருமாறு உருண்டு நிற்கும். ஒரு முறை அல்ல, மூன்று நான்கு முறை அதே பக்கம் கீழே வந்தால் தூணை ஒதுக்கிவிடலாம். வார்க்கும்போதே தடுக்க வேண்டுமானால் மோல்டை நிமிர்த்தி நிறுத்தி, கோரைத் தொங்கவிட்டு ஊற்றலாம். செலவு கூடும், ஆழக்குழி வேண்டும்.

இத்தனை எளிதான சோதனையை ஏன் யாரும் செய்யவில்லை? செய்யாமல் விட்டதற்கு விலை இல்லை என்பதால், என்றுதான் நாம் சொல்வோம். அன்றைய மாசசூசெட்ஸ் சட்டத்தைப் பாருங்கள். 1842-இல் ஃபார்வெல் என்ற ரயில் எஞ்சின் ஓட்டுநர் வழக்கு: தண்டவாள மாற்றுக்காரரின் தவறால் கையை இழந்தவர் கம்பெனியிடம் இழப்பீடு கேட்டார். தலைமை நீதிபதி லெமுவேல் ஷா மறுத்தார். நாளுக்கு இரண்டு டாலர் கூலி வாங்கும்போதே ஆபத்தையும் ஏற்றுக்கொண்டாய். சக தொழிலாளியின் தவறுக்கு முதலாளி பொறுப்பில்லை என்பது சாரம். தொழிற்சங்கம் சேர்வது சதிக்குற்றம் அல்ல என்று தீர்ப்பளித்ததும் அதே ஆண்டில் அதே ஷாதான். கூட்டாகக் கூலி கேட்கலாம், கை போனால் கேட்க முடியாது.

கை போனவர் நிலை இது. உயிர் போனால்? 1848-இல் கேரி வழக்கில், ஒருவரின் மரணத்துக்காக அவர் குடும்பம் சிவில் வழக்குப் போட முடியாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. ஒரே விதிவிலக்கு 1840-இன் ஒரு சட்டம்: ரயில் போன்ற பொது வண்டியின் கவனக்குறைவால் பயணி இறந்தால் 500 முதல் 5,000 டாலர் வரை அபராதம், அது குடும்பத்துக்குச் சேரும். டிக்கெட் வாங்கியவர் உயிருக்கு விலை இருந்தது. கூலி வாங்கியவர் உயிருக்கு இல்லை. லாரன்ஸ் குடும்பங்களுக்குக் கிடைத்தது நியூ இங்கிலாந்து முழுதிலிருந்தும் வந்த நன்கொடை; 60,000 டாலருக்கும் மேல் சேர்ந்தது. தாராளம்தான். ஆனாலும் உரிமையாக அல்ல, கொடையாக.

அரசியல் சூழலும் சும்மா இல்லை. கூலித் தொழிலாளியைவிடத் தங்கள் அடிமைகள் நன்றாக இருக்கிறார்கள் என்று தென்மாநிலத் தலைவர்கள் பேசிக்கொண்டிருந்த காலம்; செனட்டர் ஹேமண்ட் 1858-இல் நாடாளுமன்றத்திலேயே அப்படிப் பேசினார். பெம்பர்டன் போன்ற ஆலைகள் நூற்ற பஞ்சு அந்த அடிமைகள் பறித்தது என்பதை அவர் பக்கம் வசதியாக மறந்தது. வடக்கு முதலாளிகளும் அதை நினைவூட்ட விரும்பவில்லை. ஆலை விழுந்து ஆறு வாரத்தில், பிப்ரவரி 22 அன்று, லாரன்ஸ் இருக்கும் அதே எசெக்ஸ் மாவட்டத்து லின் நகரில் செருப்புத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். மார்ச் 6-இல் நியூ ஹேவனில் பேசிய லிங்கன், தொழிலாளி வேண்டும்போது வேலையை நிறுத்த முடிகிற முறை இங்கே இருப்பதில் மகிழ்ச்சி என்றார். அடிமைமுறைக்கு எதிரான வாதமாக அது கூர்மையானது. தூணின் தடிப்பைக் கேட்கும் உரிமை அந்தச் சுதந்திரத்தில் அடங்கவில்லை.

பிறகு

ஆலை அதே இடத்தில் உடனே மறுபடி கட்டப்பட்டது. சட்டம் நிதானமாக நடந்து வந்தது. மாசசூசெட்ஸில் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம் 1869-இல், நாட்டிலேயே முதலாவதாக. பெண்களுக்கும் சிறாருக்கும் பத்து மணி நேர வேலைச் சட்டம் 1874-இல். தொழிற்சாலை ஆய்வுச் சட்டம் 1877-இல். முதலாளியின் பொறுப்பை ஓரளவு ஏற்ற சட்டம் 1887-இல். பெம்பர்டனில் அநாதையான பிள்ளை அப்போது நடுத்தர வயதை எட்டியிருக்கும்.

தூணுக்கு நேரடியான விதி வந்ததைப் பார்க்க நியூயார்க் நகரின் 1899 கட்டட விதித்தொகுப்புக்குப் போக வேண்டும். வார்ப்பிரும்புத் தூணின் சுவர் 3/4 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. நிறுத்துவதற்கு முன் தடிப்பைக் காட்ட 3/8 அங்குலத் துளை போட வேண்டும். கோர் சுவர்த் தடிப்பில் கால்பங்குக்கு மேல் நகர்ந்திருந்தால், மிக மெலிந்த பக்கத்தின் தடிப்பே சுற்றிலும் இருப்பதாக வைத்துத்தான் வலிமையைக் கணக்கிட வேண்டும். அதில் தேறாவிட்டால் தூண் கழிவு.

மேலே சொன்ன மாதிரித் தூணை இந்த விதியில் போட்டுப் பார்க்கலாம். அரை அங்குலச் சுவர் என்பதாலேயே அது வாசலில் நின்றுவிடும். அதை விட்டுக்கொடுத்து உள்ளே விட்டாலும், கோர் நகர்ந்தது தடிப்பில் முக்கால் பங்கு. சுற்றிலும் 1/8 அங்குலம் என்று கணக்கிட்டால் பரப்பு 2.3 சதுர அங்குலம். பிகிலோவின் காலத்துக் கணக்கு அதே தூணுக்கு 8.64 என்று எழுதியிருக்கும்.